பழைய டபுள் ஆக்‌ஷன் பிஸ்டல்: மலையில் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்கு பதில்கள்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக, இருந்து ஓய்வுபெற்று, இப்போது குன்னூரில் இருக்கிறேன். நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் தாத்தா காலத்து .32 (தோட்டாவின் அளவு, அங்குலத்தில்) பிஸ்டலை லைசன்ஸோடு வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி, தேயிலைத் தோட்டக்காரர்: அண்ணா, எங்கள் வால்தர் பிபியில் முதல் தோட்டாவுக்கு விசை கல் மாதிரி கனக்கிறது. இரண்டாவது, தொட்டாலே போய்விடுகிறது. கோளாறா?

கோளாறு இல்லை தம்பி, அதன் அமைப்பே அப்படித்தான். 1929இல் அந்தப் பிஸ்டல் வந்தபோது அதுதான் அதன் சிறப்பு. ஹேமர் (பின்பக்கம் இருக்கும் சுத்தியல்) படுத்திருக்கும்போது அதைப் பின்னால் தூக்கி விடும் வேலையையும் விசையே செய்கிறது. இதைத்தான் டபுள் ஆக்‌ஷன் என்கிறோம். அதனால்தான் அவ்வளவு நீளம், அவ்வளவு கனம். சுட்டதும் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் ஓடி ஹேமரை நிமிர்த்தி வைத்துவிடும். அப்புறம் விசைக்கு அதை விடுவிக்கிற வேலை மட்டும்தான்.

ஆபத்தும் இங்கேதான். முதல் தோட்டாவுக்கு இழுத்த அதே பலத்தோடு விரல் விசைமேலேயே இருந்தால், நீங்கள் நினைக்காமலே இரண்டாவதும் போகும். டம்மி ரவுண்டு (வெடிக்காத பயிற்சித் தோட்டா) போட்டு, ஹேமரைப் படுக்க வைத்து, அந்த முதல் இழுப்பை மட்டும் நூறு முறை பழகுங்கள். இலக்கில் நன்றாகச் சுடுகிறவர்கள்கூட இரண்டாவது தோட்டாவை வைத்துத்தான் தங்களை மெச்சிக்கொள்கிறார்கள்.

ஊட்டி: சேஃப்டி லீவரைக் கீழே தள்ளினால் ஹேமர் டக்கென்று விழுகிறது. சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இருக்கும்போது அப்படிச் செய்யலாமா ஐயா?

செய்யலாம் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். லீவர் திரும்பும்போது, விழுகிற ஹேமர் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியை அடிக்காதபடி உள்ளே ஒரு தடுப்பு வந்து நிற்கும். ஆனால் அந்தத் தடுப்புக்கு வயது எழுபது, எண்பது ஆகிறது. ஒருமுறை என்னிடம் வந்த பிஸ்டலில் லீவரைத் தள்ளினேன், வெடித்தது. குழல் மணல் வாளிக்குள் இருந்ததால் மணல் மட்டும் தெறித்தது. அன்றைக்குப் பிறகு எந்த லீவரையும் நான் நம்புவதில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிடிக்குள் இருக்கும் தோட்டா டப்பாவான மேகசினை எடுங்கள். ஸ்லைடை இழுத்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலாலும் தடவுங்கள். மேகசினை எடுத்தால் மட்டும் பிஸ்டல் காலியாகாது. மேலே ஏறிய ஒரு தோட்டா உள்ளேயே இருக்கும். சேம்பரில் தோட்டா இருப்பதைக் காட்ட ஹேமருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் அடையாள ஊசி அழுக்கில் சிக்கிக்கொள்வதுண்டு, அதை மட்டும் நம்பாதீர்கள். காலி என்று உறுதியானபின் குழலை மேலே நோக்கிப் பிடித்து, மெல்லிய உருண்டைப் பென்சில் ஒன்றை உள்ளே விடுங்கள். இப்போது லீவரைத் தள்ளினால் பென்சில் அசையக் கூடாது. துள்ளினால் தடுப்பு தேய்ந்துவிட்டது. லைசன்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுது பார்க்கும் இடத்தில் காட்டும்வரை தோட்டா ஏற்றவே வேண்டாம். துள்ளாவிட்டாலும், லீவரைத் தள்ளும்போது குழல் மணலைப் பார்த்தே இருக்கட்டும்.

கொடைக்கானல்: துரு. எவ்வளவு துடைத்தாலும் வருகிறது. தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன்.

தேங்காய் எண்ணெயை உடனே நிறுத்துங்கள் அம்மா. மார்கழியில் உங்கள் சமையலறையில் அது பாட்டிலிலேயே வெள்ளையாக உறைந்து கிடக்கும். பிஸ்டலுக்குள்ளும் அதே கதைதான். நாளாக ஆகப் பிசினாகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் போதும், அதுவும் துணியில் தொட்டுத் தடவுகிற அளவுக்குத்தான்.

துரு வெளியே தெரிகிற இடத்தில் தொடங்குவதில்லை. பிடியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒருவர் பளபளவென்று கொண்டுவந்த மவுசர் பிஸ்டலில் தகட்டுக்கு அடியில் மஞ்சள்தூள் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. பனியில் வெளியே போய்விட்டுக் கணப்பு எரிகிற அறைக்குள் வந்தால் குளிர்ந்த இரும்பில் நீர் பூக்கும். வந்ததும் துடையுங்கள், அரைமணி கழித்து மறுபடி துடையுங்கள். தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

குன்னூர்: மேகசினில் தோட்டா சிக்கி ஏறவே மாட்டேன் என்கிறது.

.32 தோட்டாவின் அடியில் லேசாக ஒரு விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் அசையாது. நிரப்பும்போது ஒவ்வொன்றும் முந்தையதற்கு முன்னால் உட்காருகிறதா என்று பாருங்கள். அப்படியும் சிக்கினால் மேகசின் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

கோத்தகிரி: ஸ்வெட்டருக்குள் இடுப்பில் செருகிக்கொள்ளலாமா?

உறை இல்லாமல் கூடவே கூடாது. விசை முழுக்க மூடுகிற உறை வேண்டும். சட்டத்துக்கும் அதுதான் சரி: பொது இடத்தில் உறையில் இருக்க வேண்டும், எடுத்துக் காட்டக் கூடாது. ஸ்வெட்டரின் கம்பளி நூல் ஹேமர் சந்தில் பந்தாகச் சேர்ந்துகொள்ளும், வாரம் ஒருமுறை எடுங்கள். உறைக்குள் திரும்ப வைக்கும்போது ஜாக்கெட்டின் கயிறு விசை வளையத்துக்குள் நுழையாமல் குனிந்து பாருங்கள். அவசரமே வேண்டாம்.

அதே ஊர்: காட்டெருமைக்கு?

வேண்டாம். .32 அதற்குக் கோபத்தைத்தான் கொடுக்கும். தள்ளி நின்று வழி விடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஊட்டி: அப்பா போன மாதம் தவறிவிட்டார். பிஸ்டல் வீட்டில்தான் இருக்கிறது. நான் வைத்துக்கொள்ளலாமா?

வருத்தமாக இருக்கிறது தம்பி. ஆனால் இனியும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். அவருடைய லைசன்ஸ் உங்களுக்குச் செல்லாது. காவல் நிலையத்திலோ லைசன்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு இடம் உண்டு. ஏற்கெனவே உங்கள் பேரில் துப்பாக்கி இருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு மொத்தம் இரண்டுதான் வைத்திருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். கொடுக்கும்முன் சேம்பரைப் பாருங்கள், எண்ணெய் தடவுங்கள், தோல் உறையைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். பிஸ்டலின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய ரசீது இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.