பின்கதவைத் திறந்தால் தேயிலை

ஐயா,

கொழும்பில் வேலை செய்கிறேன், ஊர் கொட்டகலைப் பக்கம். ஏப்ரல் லீவுக்கு ஒபிஸ் சிநேகிதர்களைக் கூட்டிவந்தேன். நுவரெலியாவைப் பார்த்து வாய் பிளந்தார்கள். திரும்பும்போது ஹட்டன் டவுனில் வேன் முக்கால் மணித்தியாலம் அசையவில்லை. “வெள்ளைக்காரன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா இதுவும் அப்பிடி ஆகியிருக்கும்” என்றான் ஒருவன். எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது சரியா ஐயா?

கொட்டகலை வாசகன்

தம்பி,

இரண்டு டவுனையும் போட்டது அதே வெள்ளைக்காரன்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். நுவரெலியா துரைமார் இருந்து அனுபவிக்கப் போட்டது. 1873இல் ஆளுநர் கிரகரி ஏரி அமைத்தார், 1876இல் ஹில் கிளப் வந்தது, 1889இல் கோல்ஃப் கிளப். ஹட்டனுக்கு 1884இல் வந்தது ரயில். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டியை ஏற்றவும் அரிசி மூட்டையை இறக்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. ரயிலடி, அதை ஒட்டி ஒரு ரோடு, ரோட்டோரம் கடை. சாமான் அறைக்கு யார் அகலமாக வாசல் வைப்பார்கள்?

சின்ன வயதில் சம்பளத்துக்கு மறுநாள் அப்பாயியோடு டவுனுக்குப் போவேன். எங்களுக்குக் கடன் பற்று இருந்த கடையில் கை கழுவப் பின்னால் போகவேண்டும். பின்கதவைத் திறந்தால் ஒரு கல் படி, ஒரு சாக்கடைக் கான், ஒரு முள்ளுக்கம்பி, அதற்கப்பால் தேயிலை. முதலாளியின் மனைவி துவைத்த துணியைத் தேயிலைச் செடித் தூர்மேல் காயப்போட்டால் தோட்டத்துக் காவல்காரன் வந்து சத்தம் போடுவான். கடைக்காரர் வசதியானவர். ஆனாலும் அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் நிலம் அவரால் வாங்க முடியவில்லை.

டவுன் ஏன் நெரிகிறது என்பதற்கு என்னிடம் உள்ள பதில் அந்தக் கம்பிதான். 1840இல் ஒரு சட்டம் போட்டுக் காட்டையெல்லாம் முடிக்குரியது என்றார்கள், கோப்பிக்கு விற்றார்கள். கோப்பி நோயில் செத்தது, தேயிலை வந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்கு, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்கு. கம்பி நின்ற இடத்திலேயே நின்றது. பக்கவாட்டில் போக இடமில்லாத கடைகள் சரிவில் தூண் ஊன்றி மேலே மேலே ஏறின.

தட்டிக் கேட்க ஆளில்லையா என்பீர்கள். டவுனை நிரப்பிய இந்திய வம்சாவளித் தோட்டச் சனத்தில் பெரும்பகுதிக்கு 1948க்குப் பிறகு பிரஜாவுரிமையே இல்லை, வோட்டும் போயிற்று. 1964இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். எங்கள் லயத்திலும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலும், காம்பராக்கள் காலியாகின. வோட்டு திரும்பி வந்த பிறகும் பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடம் கொடுக்கவில்லை. அதைத் திருத்தியது 2018இல்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்த நெரிசலைப் பார்த்தால் எனக்கு எரிச்சலோடு கொஞ்சம் சந்தோஷமும் வரும். சம்பளத்துக்குச் சம்பளம் வந்து பற்றை அடைத்துவிட்டு வெளிச்சத்தோடு மலையேறிய சனத்தின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு டியூஷனுக்கு வருகிறார்கள், போன் கடை வைத்திருக்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள், சும்மா நின்று கதையும் பேசுகிறார்கள். அப்பாயி அந்த ரோட்டில் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை வேன் நின்றால் சிநேகிதர்களை ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் கூட்டிப்போங்கள். வடை சாப்பிட்டதும் கை கழுவ எங்கே என்று கேட்கட்டும். பின்னால் என்பார்கள்.