கறுப்பு மண்ணில் வைத்த கால்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் யூட்டாவில் கன்யன்லாண்ட்ஸ் பூங்காவுக்கு வழிகாட்டியோடு ஜீப்பில் போனோம். ஷேஃபர் பாதையால் இறங்கி, கொலராடோ ஆறு வளைகிற இடத்தைப் பார்த்தோம். படம் எடுக்கப் பாதையை விட்டுக் கறுப்பாய்க் கிடந்த மண்ணில் நாலைந்து அடி வைத்தேன், அதற்கு அந்த வழிகாட்டி எல்லோருக்கும் முன்னால் என்னை ஏசிவிட்டார். படம் இணைத்திருக்கிறேன். அடுத்த முறை நாங்களே ஜீப் வாடகைக்கு எடுத்துப் போகலாமா?

— ரொறன்ரோவில் இருந்து ஒரு கிளிநொச்சிப் பிள்ளை

தம்பி,

வாடகைக் கணக்கு உம்முடைய பாடு. கிட்டத்தட்ட 450 மீற்றர் இறங்குகிற, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒடுங்கின மண்பாதை அது, பழக்கமில்லாமல் ஓட்டவேண்டாம். அவ்வளவுதான்.

அந்த நாலைந்து அடியைத்தான் என்னால் விடமுடியவில்லை. இந்த மாரியில் எங்கள் குளக்கட்டில் உழவு இயந்திரம் ஏறி ஏறிக் கட்டே தாழ்ந்து கிடக்கிறது, நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீர் மிதித்தது வெறும் மண் இல்லை, உயிருள்ள பொருக்கு. நீலப்பச்சைப் பாசி நூல்நூலாய் ஓடி மணலைக் கட்டி வைத்திருக்கிறது. அது உடைந்தால் மணலைக் காற்று கொண்டுபோய்விடும். எங்களுக்கு ஒரு மழை போதும், புல் மூடிவிடும். அங்கே வருசத்துக்கு 250 மில்லிமீற்றர்கூடப் பெய்யாது, ஒரு கால்தடம் ஆறப் பல பத்தாண்டுகள் வேண்டும். நீர் போன பாதையே முன்பு மாடு போன தடம், 1950களில் யுரேனிய லொறிகளுக்காக அகலமாக்கினது. வெட்டினது வெட்டினபடியே இன்னும் கிடக்கிறது, பார்த்தீர்தானே?

2010இல் செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மண்டையோட்டுப் பலகை. மிதிவெடி எடுக்கிற பிள்ளை ஒருத்தி, எங்கள் ஊர்ப் பக்கம்தான், அந்த வெயிலில் முகமூடியும் தடித்த அங்கியுமாய் முழந்தாளில் இருந்தாள். “அம்மா, தடி நட்டதுக்குள்ளால மட்டும் நடவுங்கோ” என்றாள். கிணற்றடி மாமரத்தின் கீழே பழம் விழுந்து கிடந்தது. அம்மா ஒன்றைப் பொறுக்கக் காலைத் தூக்கினா, அவ்வளவுதான், அந்தப் பிள்ளை கத்தின கத்து இன்னும் என் காதில் நிற்கிறது. “என்ரை வளவில நிண்டு என்னை ஏசுறாள்” என்று அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்த மரத்தடியில் இரண்டு எடுத்தார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய்த் தடிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டா.

உம்முடைய காலுக்கு அங்கே ஒன்றும் நடக்காது, அதனால்தான் உமக்குக் கோபம் வருகிறது. ஒழுங்கையில் நடக்கப் பழகின பிள்ளை நீர், உமக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என்னுடைய கோபம். அந்த வழிகாட்டிக்குக் கொடுத்த காசு அந்த ஏச்சுக்கும் சேர்த்துத்தான். முடிந்தால் அவருக்கு ஒரு வரி எழுதும்.

படத்தில் வடிவாய் நிற்கிறீர், அப்பாவின் சிரிப்பு அப்படியே இருக்கிறது. பின்னால் ஆறு வளைந்து போகிறது. நான் ஆற்றைப் பார்க்கவில்லை தம்பி, உம்முடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கிற அந்த ஐந்து குழியையும்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.