இன்றைய தத்துவப் பேராசிரியர்கள் வகுப்பறையைத் தாண்டி சமூகத்துக்கு ஏதாவது செய்கிறார்களா?

"பழைய நூல்களுக்கு உரை எழுதுவதைத் தவிர இவர்களால் என்ன பயன்?" என்றும் கேள்வியில் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் ஒரு கலைக்கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். வேறு துறையில் இடம் கிடைக்காமல் எங்களிடம் வந்து சேரும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களின் பெற்றோரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

செய்கிறார்கள், நிறையவே செய்கிறார்கள். டிவி விவாதங்களில் தேடினால்தான் கிடைக்க மாட்டார்கள்.

பிரிட்டனின் மேரி வார்னாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தத்துவம் கற்பித்தவர், ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாகவும் இருந்தவர். 1978-இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. மனிதக் கருவை ஆய்வகத்தில் எத்தனை நாள் வைத்து ஆராயலாம் என்று நாடே குழம்பியபோது, 1982-இல் அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். குழுவில் டாக்டர்கள் இருந்தார்கள், மதத் துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் முழு உடன்பாடு வராது என்று தெரிந்தே, எல்லோரும் சேர்ந்து வாழக்கூடிய ஒரு எல்லையைத் தேடினார்கள். 14 நாள் என்று 1984 அறிக்கை சொன்னது, 1990-இல் அது சட்டமானது. அதற்கு முன்பே மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வி பற்றிய குழுவையும் அவர் நடத்தியிருந்தார்.

கருத்தரிப்பு மையத்தின் விளம்பரப் பலகை கண்ணில் படாமல் இன்று சென்னையில் ஒரு மெயின் ரோட்டைக் கடப்பது கஷ்டம். 2021-இல் இந்தியாவில் பணம் கொடுத்து வாடகைத்தாய் அமர்த்துவதைச் சட்டம் தடை செய்தது. அந்தத் தடை ஏழைப் பெண்ணைக் காப்பாற்றுகிறதா, இல்லை அவளுக்கு இருந்த ஒரு வருமான வழியை அடைத்துவிட்டதா? இது டாக்டரும் வக்கீலும் மட்டும் தீர்த்துவிடக்கூடிய கேள்வி இல்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். என் வகுப்பையே மாற்றிய விவாதம் ஒன்று உண்டு. 2002-இல் அரசியல் கோட்பாட்டுப் பேராசிரியர் கோபால் குரு ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியலில் ஒரு சாரார் கோட்பாடு உருவாக்குகிறார்கள், ஒடுக்கப்பட்டவர்களோ தகவல் கொடுப்பதோடு நிறுத்தப்படுகிறார்கள், இதுவும் ஒரு சாதிப் பிரிவினைதான் என்பது அவர் வாதம். இயற்பியல் படித்துவிட்டுத் தத்துவத்துக்கு வந்த சுந்தர் சருக்கை அதற்கு எதிர்வினை எழுதினார். ஓர் அனுபவத்துக்கு உரியவரும் அதை எழுதுகிறவரும் ஒருவராகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டார். இருவரும் மல்லுக்கட்டிப் பிரிந்துபோகாமல், 2012-இல் சேர்ந்தே ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். பொதுவெளியில் எப்படிக் கருத்து வேறுபடுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

போன வருடம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அறவியல் பாடம். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும் என்று புதிய அடுக்குமாடிகளில் போர்டு வைக்கிறார்களே, அதைப் பற்றிப் பேசினோம். சுகாதாரம், பாதுகாப்பு, சொத்துரிமை, சமத்துவம் என்று வகுப்பின் கரும்பலகை முழுக்க எழுதியாகிவிட்டது. அம்மா ஓ.எம்.ஆர். பக்கம் அப்படி ஒரு குடியிருப்பில் வேலை செய்யும் மாணவி ஒருத்தி அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் எழுந்து, "எங்கம்மாவுக்கு எந்த லிஃப்டா இருந்தாலும் ஒண்ணுதான் மேடம். அவசரத்துல மெயின் லிஃப்டுல ஏறிட்டா உள்ள இருக்கிறவங்க பேச்சை நிறுத்திடுவாங்களாம். இறங்குற வரைக்கும் யாரும் பேச மாட்டாங்களாம். அதைத்தான் தாங்க முடியலைன்னு சொல்லும்" என்றாள்.

அதற்குப் பிறகு லிஃப்ட் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே எழவில்லை. போர்டைக் கழற்ற வைக்கச் சட்டம் போடலாம், அந்த மௌனத்துக்கு எந்தச் சட்டம் போடுவது? அவமானம் என்பது என்ன, அது வலியிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று வகுப்பு வேறு பக்கம் திரும்பியது. கோபால் குரு 2009-இல் அவமானம் பற்றியே ஒரு கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்திருக்கிறார். அதிலிருந்து சில பக்கங்களைத் தமிழில் விளக்கிச் சொன்னேன். அந்தப் பெண் இதையே அசைன்மென்ட்டாக எழுதினாள். எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்ட, "பாவம்னு எழுதியிருக்கிற இடத்தையெல்லாம் எடுத்துடு" என்றாராம். உரியவர் யார், எழுதுகிறவர் யார் என்று குருவும் சருக்கையும் வாதிட்டது ஒரு வீட்டுக் கூடத்துக்குள் அப்படியே நடந்திருக்கிறது.

பள்ளிக் குழந்தைகளிடமும் போகிறார்கள். அமெரிக்காவில் மாத்யூ லிப்மன் 1970-களில் குழந்தைகளுக்கான தத்துவத்தை ஓர் இயக்கமாகவே தொடங்கினார். இங்கே சருக்கை குழந்தைகளுக்குப் பட்டறைகள் நடத்துகிறார், அவர்களுக்காகப் புத்தகமும் எழுதியிருக்கிறார். பிரான்சில் பள்ளி இறுதித் தேர்வில் தத்துவத்துக்கு மட்டும் 4 மணி நேரம். நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக்கு வந்த பிறகும் "சிறு குறிப்பு வரைக" தான். சிந்திக்கக் கற்றுத்தரும் பாடத்தையே மனப்பாடம் செய்து எழுத வைக்கிறோம் என்பதில் எனக்குத் தீராத கோபம் உண்டு.

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வார இதழ் தொடங்கினார். பௌத்தம், சாதி, வரலாறு, மருத்துவம் எல்லாவற்றையும் அதில் விவாதித்தார். காசு குறைவாக இருந்தவரும் வாங்கிப் படிக்க முடிந்த தத்துவம் அது. இன்று எங்கள் துறையில் நடக்கும் ஆய்வில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டு எங்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது. பதவி உயர்வுக்கு அதுதான் உதவும் என்பது உண்மை. ஆனாலும் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் நாங்கள் தமிழில் எழுதக் கடமைப்பட்டவர்கள்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், அயோத்திதாசரின் எழுத்துகள் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன, அதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் குரு, சருக்கை விவாதம். ஆங்கிலம் தடையாக இருந்தால், படிக்கத் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு நாலு பேராக உட்கார்ந்து படியுங்கள். தனியாகப் படிப்பதைவிட அது நன்றாகவே புரியும்.