இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் மண்பாதையில் ஆஃப்ரோடு பைக் ஓட்டினால் சட்டப்படி தப்பா?

கேட்டவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். மதுரையிலிருந்து நான்கு நண்பர்கள் வருகிறார்கள். வண்டிகள்: இரண்டு எக்ஸ்பல்ஸ், ஒரு ஹிமாலயன், மண்ணில் ஓட்டவென்றே செய்த, நம்பர் பிளேட்டே இல்லாத ஒரு கவாஸாகி டர்ட் பைக். சாயல்குடியில் தொடங்கி வாலிநோக்கம், ஏர்வாடி, பெரியபட்டினம் வழியாக, முடிந்தவரை தார் ரோட்டை மிதிக்காமல் தனுஷ்கோடி வரை போக ஆசை. "காட்டுப்பாதைதானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்று முடித்திருக்கிறார்.

கேட்பார்கள். ஆனால் முதலில் கேட்பது போலீஸாக இருக்காது.

எனக்கு ஊர் ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் ஒரு கடலோரக் கிராமம். பிழைப்பு இராமநாதபுரத்தில், வாகனக் காப்பீட்டு இழப்பீட்டுக் கோப்புகளோடு. ஞாயிற்றுக்கிழமையானால் எக்ஸ்பல்ஸ். வக்கீல் இல்லை, ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சில பிரிவுகள் எனக்குத் தூக்கத்திலும் வரும்.

அந்தக் கவாஸாகியை முதலில் முடித்துவிடுவோம். 1988ஆம் ஆண்டு சட்டத்தின் 39ஆவது பிரிவு, பதிவு செய்யாத வண்டியைப் "பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ" ஓட்டக் கூடாது என்கிறது. நம் ஆட்கள் "பொது இடம்" வரை படித்துவிட்டு, "பனங்காடு பொது இடமா என்ன?" என்று கிளம்பிவிடுவார்கள். அடுத்த சொல்லில்தான் வினை இருக்கிறது. ஒரே ஒரு சந்து உண்டு. தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த வண்டி, "மோட்டார் வாகனம்" என்ற வரையறைக்குள்ளேயே வராது. வேலி போட்ட டிராக்கில் ஓட்டுகிறவர் இதைச் சொல்லி வாதாடலாம். சாயல்குடியிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் வேலி போட்டவர் யாருமில்லையே! பதிவில்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். அதுகூடப் பெரிய விஷயமில்லை. பதிவு இல்லாமல் ஓடும் இப்படிப்பட்ட டர்ட் பைக்குக் காப்பீடு இருக்காது, கோப்புகளோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கும். ஆடு மேய்க்கும் பிள்ளை ஒன்று உடைமரத்துக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து அடிபட்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகை முழுவதும் ஓட்டினவர், உடைமையாளர் தலையில்தான். அந்தத் தொகைக்கு மேல்வரம்பு கிடையாது.

காப்பீட்டுப் பிரிவு "பொது இடம்" என்று மட்டும்தான் பேசுகிறது, உண்மை. ஆனால் அந்தச் சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளைப் பாருங்கள்: சாலை, தெரு, வழி, அல்லது பொதுமக்கள் போக உரிமையுள்ள வேறு எந்த இடமும், அது ஊடு வழியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். தாரா, கப்பியா, மணலா என்ற கேள்வியே இல்லை. மீன் கூடையோடு நாலு பெண்கள் நடந்து போகும் ஒற்றையடிப் பாதைகூட அதற்குள் வந்துவிடும். நீதிமன்றங்களும் இந்தச் சொல்லைச் சுருக்கிப் பார்த்ததைவிட விரித்துப் பார்த்ததுதான் அதிகம்.

எக்ஸ்பல்ஸும் ஹிமாலயனும் பதிவான வண்டிகள் என்பதால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் மண்ணில் இறங்குவதற்கு முன் கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஒன்று நம் பையன்களிடம் இருக்கிறது. நம்பர் பிளேட்டைக் கழற்றின நிமிடமே, 39ஆவது பிரிவின் கண்ணில் உங்கள் வண்டியும் அந்தக் கவாஸாகியும் ஒன்றுதான். சைலன்சரை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். பதினெட்டு ஆகாத தம்பி யாரும் கூட வருகிறானா? வண்டியைக் கையில் கொடுக்காதீர்கள். அவனைப் பெற்றவர்களோ வண்டிக்காரரோ 3 ஆண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாக வேண்டியிருக்கும், அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. நால்வரும் நேரம் வைத்துப் பந்தயம் விட்டால் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. காப்பீட்டுப் பாலிசியிலும் பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் பணம் கிடையாது என்று அச்சடித்தே இருக்கும். யாரும் படிப்பதில்லை.

இனி நிலம். யூடியூபில் நீங்கள் பார்க்கும் இங்கிலாந்துக் காட்டுப்பாதைகளில், எது நடக்க மட்டும், எது குதிரைக்கு, எது மோட்டார் வண்டிக்கு என்று வரைபடத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. இருப்பதில் நெருங்கி வருவது நம் வருவாய்த் துறையின் புல வரைபடம். சர்வே எண் தெரிந்தால் இணையத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். வண்டிப்பாதை என்று கோடு இருந்தால் நிம்மதியாகப் போகலாம். ஊர் நிலங்களின் வகையைக் குறித்து வைத்திருக்கும் ‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள்: பட்டாவா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் கண்மாயா, ஓடையா, மேய்ச்சலா, பாதையா. புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அரசாங்கத்துக்குச் சொந்தம், அனுபவிப்பது ஊர்.

பட்டா நிலத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டால் அதுவே உடனே குற்றமாகிவிடாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ எண்ணம் இருந்தால்தான் குற்ற அத்துமீறல். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் உடைமையாளர் "வெளியே போ" என்று சொன்ன பிறகும் திராட்டிலை முறுக்கிக்கொண்டு நின்றால், எண்ணம் என்ன என்பதை நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்கிய புதிது, மார்கழி கடைசி. எங்கள் பக்கம் உப்பளங்கள் நிறைய. வாலிநோக்கத்தில் அரசின் உப்புக் கழகமே இருக்கிறது, தனியார் பாத்திகளும் உண்டு. மழை ஓய்ந்து, பாத்தி கட்டி முடித்து, உப்பு எடுக்க இன்னும் நாள் இருக்கும் சமயம். கண்ணுக்கெட்டின தூரம் வரை ஆள் இல்லை. வரப்பு மேல் ஏறி, பாத்திக்குள் இறங்கி, நெஞ்சு குளிர ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறார். என்னிடம் பேசவில்லை. அப்பாவிடம், "அண்ணே, ஒங்க மகன் வண்டித் தடம் நம்ம பாத்திக்குள்ள கெடக்கு" என்றார். பொத்தான் பொத்தானாக அச்சு விழும் டயர் அப்போது இந்தச் சுற்றுவட்டாரத்தில் என் வண்டியில் மட்டும்தான் இருந்தது. அதை நான் யோசிக்கவேயில்லை.

பாத்தியின் தரையை ஆட்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். இறுகினால்தான் உப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் நிற்கும், உப்பும் அழுக்கில்லாமல் படியும். நான் அதை ஒரு நிமிடத்தில் கீறிவிட்டேன். அவர் போலீஸுக்குப் போயிருக்கலாம். உடைமைக்குச் சேதம் என்று வழக்கே போட்டிருக்கலாம். அப்பா எதுவும் பேசாமல் மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டு நாள் அந்தப் பாத்தியில் மிதித்தேன். குதிகாலில் உப்பு ஏறி வெடித்தது ஆற மாதமானது.

கடல் மணலிலும் இதேதான். காலையில் கரைவலை இழுக்கும் நேரம் மணலுக்குக் குறுக்கே கயிறு போகும். தூரத்திலிருந்து தெரியாது. தெரியும் தூரத்துக்கு வரும்போது பிரேக் பிடிக்கும், ஆனால் மணலில் வண்டி நிற்காது. கருவாடு காயப்போட்ட இடமும், பாசி எடுக்கப் போகும் பெண்கள் இறங்கும் துறையும் உங்களுக்கு வெற்றுக் கரையாகத்தான் தெரியும். "இது ரோடுன்னு ஒனக்கு யாரு அப்பு சொன்னா?" என்று ஒரு பாட்டி கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

கண்மாய்க் கரையில் ஏறலாமா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் கரையில் ஏறினால் ஊரே திரண்டு வரும், அதற்குச் சட்டப் பிரிவெல்லாம் தேவைப்படாது. கோடையில் ஏறுவதென்றாலும் எந்தக் கண்மாய் என்று பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில் சில கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்கள். உங்கள் பயணம் தொடங்கும் சாயல்குடிப் பக்கமே மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் இருக்கின்றன. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். இராமநாதபுரம் டவுனை ஒட்டியே சக்கரக்கோட்டை. அங்கெல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். சரணாலயத்துக்குள் பொதுச் சாலை போனால் அதில் போகத் தடையில்லை. சாலையை விட்டு இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். மீறினால் வண்டியைப் பறிமுதல் செய்யவும் இடமிருக்கிறது.

தனுஷ்கோடிக்கு வந்தால், "அந்தக் காலத்தில் வேனே மணலில்தானே போனது, பைக் போனால் என்ன?" என்று எல்லாரும் கேட்பார்கள். போனதுதான். 1964 டிசம்பர் புயல் ரயிலையும் ஊரையும் கொண்டுபோன பிறகு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் சேற்றிலும் ஆடி ஆடிப் போகும் வேன்தான் கதி. நானே சின்ன வயதில் அதில் போய்த் தலையில் இடி வாங்கியிருக்கிறேன். ஆனால் வேறு வழியில்லாமல் போனார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்துவிட்டது. இன்று இரண்டு பக்கமும் மணலில் இறங்குவதற்கு அவசியம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. 2025இல் அங்கே சுமார் 524 எக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்துவிட்டது. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. ஆமை முட்டையிடும் மணலும் மணல்மேடுகளும் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மிக உச்சப் பாதுகாப்புள்ள வகைக்குள் வருகின்றன.

பங்குனி ஆமை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு வெளியே வரும், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நீங்கள் போட்டுவிட்டுப் போன டயர் தடம் அதற்குப் பெரிய கால்வாய். கடலுக்கு நேரே போகாமல் தடத்துக்குள் விழுந்து அதிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். விடிந்தால் காகம் இருக்கிறது, நாய் இருக்கிறது. முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்காக வனத்துறை ஆட்கள் விடியுமுன் கரையில் நடப்பதால், தடத்தை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான்.

ராத்திரி ரைடு வேண்டவே வேண்டாம். இந்தக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இலங்கை. கடல் அட்டை, பீடி இலை என்று கடத்தல் வழக்குகள் பேப்பரில் வந்துகொண்டே இருக்கும். இரவில் விளக்கை அணைத்தும் போட்டும் கரையோரம் நான்கு பைக் ஓடினால், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துப் போலீஸ் உங்களை டூரிஸ்ட் என்று எடுத்த எடுப்பில் நம்ப வேண்டிய அவசியமில்லை. என்னை ஒருமுறை நிறுத்தி, டேங்க் பையைக் கொட்டி, டூல் கிட்டைப் பிரித்து, பேசிப் பேசி விடும்போது மணி மூன்று. ஆர்.சி., லைசென்ஸ், காப்பீடு எல்லாம் கையில் இருந்ததால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்படியென்றால் எங்கேதான் ஓட்டுவது? பதிவான மூன்று வண்டிகளுக்கும் வழி நிறைய இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலோரக் கிராமங்களுக்குப் பிரியும் ஊராட்சி மண்சாலைகள், ஊருக்கு ஊர் போகும் வண்டிப்பாதைகள், பனங்காட்டு ஓரம் போகும் கப்பி ரோடுகள் எல்லாவற்றிலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஆள் வந்தால் நிறுத்தி வழிவிட்டு, தாராளமாகப் போகலாம். வழியில் டீக்கடையில் "அண்ணே, இந்தப் பாதை எங்க போய் முட்டுது?" என்று கேளுங்கள். புல வரைபடத்தில் இல்லாததும் அங்கே கிடைக்கும். கவாஸாகியைக் குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். தெரிந்தவர் தோப்பு, நாலு பக்கமும் வேலி, எழுதி வாங்கிய சம்மதம், இந்த மூன்றும் அமைந்தால் அதற்குள் ஓட்டுங்கள். என் மாமாவின் பனந்தோப்பில் நான் அப்படித்தான் பழகுகிறேன். வேலி என்பது வெட்டிப் போட்ட கருவேல முள்தான், ஆனால் வேலி.

மாதம் கேட்டிருந்தீர்கள். ஆடிக் காற்றில் தனுஷ்கோடி ரோட்டிலேயே மணல் ஏறிக் கிடக்கும், முகத்தில் ஊசியாக அடிக்கும். தை முதல் சித்திரை வரை ஆமைக்கு விட்டுவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் வாருங்கள். வெயில்தான், ஆனாலும் பாதை காய்ந்திருக்கும். உங்கள் எக்ஸ்பல்ஸ் இரண்டிலும் டியூப் டயர் என்றால் ஆளுக்கு இரண்டு டியூப் கையில் இருக்கட்டும். உடைமுள் ஷூவையே துளைக்கும், ஞாயிற்றுக்கிழமை வாலிநோக்கம் விலக்கைத் தாண்டிவிட்டால் பஞ்சர் கடை திறந்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.