பிளாக்செயினும் பெண்களும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

கோவையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்டுக்கு பிளாக்செயின் எடுக்கப்போகிறேன் என்றதும் அப்பா, "அது சூதாட்டமாச்சே, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றார். வகுப்புப் பையன்களின் டெலிகிராம் குழுவில் சேர்ந்து பார்த்தேன். எந்தக் காயின் ஏறும், எது இறங்கும் என்று நாள் முழுக்க அதே பேச்சு. இந்தத் துறையில் உண்மையிலேயே பெண்கள் இருக்கிறார்களா? கல்லூரியில் பெண்களுக்கு மட்டும் ஒரு வெப்3 (பிளாக்செயின் சார்ந்த இணையம்) பயிலரங்கு நடத்துகிறார்கள். போனால் பயன் உண்டா, இல்லை கண்துடைப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இருக்கிறார்கள், அதுவும் அஸ்திவாரத்திலேயே. பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பொதுக் கணக்கேடுதானே பிளாக்செயின். அதில் ஓடும் டிஜிட்டல் நாணயமான பிட்காயினை அறிமுகப்படுத்திய அறிக்கை வெளிவந்தது 2008 அக்டோபர் 31 அன்று. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1999-ல், எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவும் அவருடைய மாணவர் மிகேல் காஸ்ட்ரோவும் ஒரு பழைய சிக்கலுக்கு நடைமுறையில் ஓடக்கூடிய தீர்வு தந்திருந்தார்கள். ஒரு வலைப்பின்னலில் சில கணினிகள் பொய் சொன்னாலும் மற்றவை எப்படி ஒரே முடிவுக்கு வருவது என்பதே அந்தச் சிக்கல். பொய் சொல்பவை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை அவர்களுடைய முறை தாங்கும். இன்றைய பிளாக்செயின்கள் பலவற்றின் ஒருமித்த முடிவு முறை அந்த வழியில் வந்தது. இன்னொருவர் ஷஃபி கோல்ட்வாஸர். ரகசியத்தை வெளியிடாமலேயே அது தனக்குத் தெரியும் என்று நிரூபிக்கலாம் என 1985-ல் சில்வியோ மிகாலி, சார்ல்ஸ் ராக்காஃப் இருவருடன் சேர்ந்து காட்டியவர். எத்தேரியம் என்ற பிளாக்செயினின் சுமையைக் குறைக்க, பரிவர்த்தனைகளை வெளியே தொகுத்துச் செய்யும் ரோல்-அப்களில் பல அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கின்றன. லிஸ்கோவ், கோல்ட்வாஸர் இருவருமே கணினித் துறையின் நோபல் எனப்படும் டூரிங் விருது பெற்றவர்கள். அப்பாவிடம் சூதாட்டத்தைப் பற்றி வாதாட வேண்டாம், இந்த இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள்.

டெலிகிராம் குழுவில் நீங்கள் பார்த்ததும் உண்மைதான். 2018 ஜனவரியில் மயாமியில் நடந்த வட அமெரிக்க பிட்காயின் மாநாட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட பேச்சாளர்களில் பெண்கள் மூன்றே பேர். மாநாட்டு விருந்தை ஆடை அவிழ்ப்பு நடன விடுதியில் வைத்தார்கள். அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கூட்டம் விலையைப் பார்த்து வந்த கூட்டம். உபரியாகக் கைக்காசு, ராத்திரி கண்விழிக்க நேரம், பணம் போனாலும் வீட்டில் ஏச்சு விழாது என்ற தைரியம், இவை யாரிடம் இருந்தனவோ அவர்கள் முந்திக்கொண்டார்கள். நீங்கள் அந்த வாசல் வழியாக நுழைய வேண்டிய அவசியமே இல்லை. கோட் படிக்கும் வாசல் ஒன்று இருக்கிறது.

2016 ஜூன் 17 அன்று, எத்தேரியத்தில் இயங்கிய 'தி டிஏஓ' என்ற கூட்டு நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் (எத்தேரியத்தின் நாணயம்) வெளியேறியது. யாரும் பாஸ்வேர்டைத் திருடவில்லை. பணத்தை வெளியே அனுப்பும் ஃபங்ஷனில், அதாவது புரோகிராமின் அந்தப் பகுதியில், முதலில் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் இருப்பைக் கழித்தார்கள். பெறுகிற முகவரியில் ஒரு புரோகிராம் இருந்தால், இருப்பு குறைவதற்குள் அது அதே ஃபங்ஷனை மறுபடி கூப்பிடும். கணக்கில் பணம் அப்படியே இருப்பதாகத் தெரிவதால் மறுபடியும் பணம் போகும். கழிக்கிற வரி அனுப்புகிற வரிக்கு மேலே இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க முதலீடு தேவையில்லை, வரிவரியாகப் படிக்கிற பொறுமை போதும். இப்படி பிளாக்செயினில் தானாக இயங்கும் புரோகிராம்களைச் சோதிக்கும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் ஆடிட்டிங் இன்று நல்ல சம்பளமுள்ள தொழில். பிட்காயினிலும் இப்படித்தான். பிட்காயின் வலையை இயக்கும் முக்கிய மென்பொருளான பிட்காயின் கோரில் மாற்றங்களை ஏற்றும் உரிமை மிகச் சிலருக்கே உண்டு. 2022-ல் அது குளோரியா ஜாவோவுக்குக் கிடைத்தது. வெளியே தெரிந்தவரை அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் ரோயா மஹ்பூப் 2010-ல் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். அங்கே வேலை பார்த்த பெண்கள் பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் அப்பாவோ அண்ணனோ வாங்கிக்கொள்வார்கள். அதனால் 2013 வாக்கில் பிட்காயினில் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார். பணம் பெண்களின் கைக்கே போனது, ஆனால் உள்ளூர்க் கடையில் அது செல்லாது. 2013 இறுதியில் ஆயிரம் டாலரைத் தாண்டிய பிட்காயின் அடுத்த ஆண்டு முடிவதற்குள் 350 டாலருக்கும் கீழே போய்விட்டது. சம்பளமாக வாங்கியவருக்கு அது எவ்வளவு பெரிய அடி!

தமிழ்நாட்டில் பெண்ணின் கைக்கே பணம் போக பிட்காயின் வேண்டியதில்லை. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து பெண்களின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. அதற்கு மேல், ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் வீட்டில் யாரிடம் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பிளாக்செயின் பணத்தைக் கையாளும் வாலட்டில் இது இன்னும் கடுமையான விஷயம். வாலட் தரும் 12 அல்லது 24 மீட்புச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவர் பணத்தை எடுத்துவிடலாம், போய் முறையிட பிராஞ்ச் மேனேஜர் கிடையாது. "நானே செட் பண்ணித் தர்றேன்" என்று கணவரோ தம்பியோ அந்தச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டால், பேருக்குத்தான் அது அவளுடைய வாலட். இந்தத் துறைக்கு இத்தனை சதவீதம் பெண்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்பவர்களிடம், அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றன என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

உங்கள் புராஜெக்டுக்கே இதை எடுக்கலாம். சோஷியல் ரிகவரி வாலட் என்று உண்டு. நம்பிக்கையான ஐந்து பேரைக் குறித்துவைத்தால், வாலட்டைத் திறக்கும் சாவி தொலைந்தபோது அவர்களில் மூன்று பேர் ஒப்புக்கொண்டு புதுச் சாவிக்கு மாற்றித் தரலாம். அந்த ஐந்து பேரும் ஒரே வீட்டு ஆண்களாக இருந்தால்? மாற்றம் நடக்குமுன் வாலட்டுக்குச் சொந்தக்காரிக்குத் தகவல் போகவும், தடுக்கச் சில நாள் அவகாசம் கிடைக்கவும் கான்ட்ராக்டை எப்படி எழுதலாம்? இதை யோசிக்க உங்கள் அம்மா, சித்தி, விடுதித் தோழிகளிடம் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பயிலரங்குக்குப் போங்கள். பையன்கள் சிரிப்பார்களோ என்று தயங்காமல் சந்தேகம் கேட்க ஓர் அறை கிடைப்பதே நல்லதுதான். ஆப் டவுன்லோடு செய்து காயின் வாங்கச் சொல்லிக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுங்கள். ரீமிக்ஸ் என்ற இணையக் கருவியில், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டியில் எழுதி, செபோலியா போன்ற டெஸ்ட்நெட்டில், அதாவது ஒத்திகைக்கான வலைப்பின்னலில், ஏற்றிப் பார்க்க வைத்தால் கடைசிவரை இருங்கள். டெஸ்ட்நெட் ஈதர் இலவசம், அதற்குச் சந்தை மதிப்பு கிடையாது. அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்து காட்டலாம்.