இரண்டாவது காட்சியில் டெக் ஏன் உடைகிறது?

கேள்வி: தனி ஆளாக 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்டு கேம்' ஆடுகிறேன். 2011இல் வந்த பழைய அடிப்படைப் பெட்டி மட்டுமே உள்ளது. ஹீரோக்கள் அரகார்ன், கிம்லி, லெகோலஸ். லீடர்ஷிப், டாக்டிக்ஸ் என்ற இரு வகைச் சீட்டுகளை அப்படியே சேர்த்து 60 கார்டு டெக். முதல் காட்சியில் (ஆட்டக் கதையில்) எளிதாக வெல்கிறேன். இரண்டாவதான ஆண்டுயின் நதிப் பயணத்தில் நான்கைந்து சுற்றிலேயே தோற்றுவிடுகிறேன். ஒவ்வொரு காட்சிக்கும் டெக்கை மாற்ற வேண்டுமா?

பதில்: முழுதாக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று ஹீரோக்களை வைத்து இந்தக் காட்சியைத் தனியாக ஆடுவது கடினம். காரணம் சீட்டு கலைத்ததில் இல்லை, கூட்டல் கணக்கில் இருக்கிறது.

ஹீரோக்களின் த்ரெட் (அபாய அளவு) எண்களைக் கூட்டுங்கள்: அரகார்ன் 12, கிம்லி 11, லெகோலஸ் 9. மொத்தம் 32, இதுவே உங்கள் தொடக்க த்ரெட். இந்தக் காட்சி தொடங்கும்போதே ஸ்டேஜிங் ஏரியாவில் (இன்னும் உங்களோடு மோதாத எதிரிகளும் இடங்களும் காத்திருக்கும் பகுதி) ஹில் ட்ரோல் என்ற எதிரி நிற்கிறது. அதன் எங்கேஜ்மென்ட் எண் 30. உங்கள் த்ரெட் அந்த எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அது உங்கள் மேல் பாயும். ஆக, முதல் சுற்றிலேயே தாக்குதல் 6, தற்காப்பு 3, உயிர் 9 கொண்ட ஒரு மலை உங்கள் எதிரே.

கிம்லியை விட்டுத் தடுக்கலாம் என்று தோன்றும். தற்காப்பு 2 போக 4 சேதம். கிம்லிக்கு உயிர் 5, தப்பிவிடுவார். சேதம் ஏற ஏற அவர் தாக்குதலும் ஏறும் என்பதால் காகிதத்தில் இது நல்ல திட்டம்தான். அந்தச் சுற்றில் அரகார்னும் லெகோலஸும் சேர்ந்து 6 அடித்தால் 3 சேதம். அடுத்த சுற்றில் அரகார்ன் தடுக்க, கிம்லி 6, லெகோலஸ் 3 அடித்தால் மீதி 6. ட்ரோல் காலி. ஆனால் தாக்கும் எதிரிக்கு ஒரு நிழல் கார்டு (தாக்கும்போது திறக்கும் மறைவான கார்டு) உண்டு. அதில் தாக்குதல் +1 வந்தாலே கிம்லிக்கு 5 சேதம், ஆள் அவுட். அதோடு இந்த இரண்டு சுற்றிலும் மூவருமே சண்டைக்கென்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். குவெஸ்ட்டுக்கு (காட்சியை முன்னேற்றும் பயணத்துக்கு) போக ஆளில்லை. ஸ்டேஜிங் ஏரியாவில் குவியும் த்ரெட் அத்தனையும் உங்கள் தலையில் ஏறுகிறது. 50ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. நான்கைந்து சுற்றில் தோற்பதற்கு இதுவே போதும்.

கிம்லியையும் லெகோலஸையும் எடுத்துவிட்டு ஸ்பிரிட் வகை ஹீரோக்களான ஈயோவின் (9), எலினர் (7) இருவரையும் போடுங்கள்; டாக்டிக்ஸ் சீட்டுகளுக்குப் பதில் ஸ்பிரிட் சீட்டுகள். தொடக்க த்ரெட் 28. மூவரின் வில்பவர் (குவெஸ்ட்டுக்கான பலம்) 5லிருந்து 7 ஆகிறது. அதில் 4 ஈயோவினுடையது. த்ரெட் சுற்றுக்கு ஒன்று ஏறும். குவெஸ்ட்டில் தோற்காமலும் டூம்ட் (த்ரெட்டை ஏற்றும்) கார்டு வராமலும் இருந்தால் முதல் சுற்றில் 28, இரண்டில் 29, மூன்றில்தான் 30. அதாவது இரண்டு முழுச் சுற்று அவகாசம். அதுவரை ட்ரோல் ஸ்டேஜிங் ஏரியாவில் நின்று தருவது வெறும் 1 த்ரெட். அவ்வளவு மலிவான விருந்தாளியை அவசரப்பட்டு உள்ளே அழைக்காதீர்கள்.

"அரகார்னுக்குப் பதில் தியோட்ரெட் போட்டால் 24தானே, இன்னும் நல்லதல்லவா?" என்று கேட்கலாம். ஏழாம் சுற்று வரை ட்ரோல் அசையாது, உண்மை. ஆனால் அதை யார் கொல்வது? ட்ரோல் உயிரோடு இருக்கும்வரை இந்தக் காட்சியின் முதல் கட்டத்தைத் தாண்டவே முடியாது. த்ரெட் குறைந்த டெக் நல்ல டெக் என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான்.

ட்ரோலைக் கொல்ல எனக்குத் தெரிந்த சிக்கனமான வழி ஸ்னீக் அட்டாக், காண்டால்ஃப் ஜோடி. ஸ்னீக் அட்டாக்கின் விலை 1. கையிலிருக்கும் ஒரு துணைவரை அந்தக் கட்டம் முடியும்வரை களத்தில் இறக்கும், பிறகு அவர் கைக்கே திரும்புவார். காண்டால்ஃபைக் காசு கொடுத்து இறக்கினால் 5 ஆகும்.

வரிசை முக்கியம். குவெஸ்ட்டுக்கு ஈயோவினையும் அரகார்னையும் அனுப்புங்கள். போனதும் 1 ரிசோர்ஸ் (ஆட்டக் காசு) கொடுத்து அரகார்னை மீண்டும் நிமிர்த்துங்கள், அதாவது மறுபடி செயல்பட வையுங்கள். எலினர் வீட்டில் இருக்கட்டும். ட்ரோல் தாக்கும்போது ஸ்னோபோர்ன் ஸ்கவுட் என்ற துணைவரைப் பலி கொடுத்துத் தடுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: ட்ரோல் கொடுக்கும் மிச்சச் சேதம் த்ரெட்டாக ஏறும். ஸ்கவுட்டுக்குத் தற்காப்பு 1, உயிர் 1. எனவே த்ரெட் 4 கூடும். வேறு காட்சிகளில் இலவசமான பலி, இங்கே இலவசமில்லை. ஹீரோவை இழப்பதற்கு அது பரவாயில்லை.

தடுத்து முடிந்த பிறகே ஸ்னீக் அட்டாக். காண்டால்ஃப் வந்ததும் 4 சேதம் நேரடியாக. மீதி உயிர் 5. இப்போது காண்டால்ஃப் 4, அரகார்ன் 3, எலினர் 1, மொத்தம் 8. தற்காப்பு 3 போக 5. ட்ரோல் சரியாக விழும். ஒன்று கூடக் குறையக்கூடாது. அந்தச் சுற்றில் ஒரு ட்ரெச்சரியை (திறந்ததும் தீங்கு செய்யும் கார்டை) ரத்து செய்ய எலினரைச் சாய்த்துவிட்டால் 1 குறைந்து ட்ரோல் பிழைத்துக்கொள்ளும். ஆகவே அன்றைக்கு ட்ரெச்சரிக்கு எ டெஸ்ட் ஆஃப் வில் கார்டைக் கையில் வையுங்கள், அதன் விலையும் 1 ஸ்பிரிட்தான். அரகார்னிடம் லீடர்ஷிப் ரிசோர்ஸ் 2 இருக்க வேண்டும் என்பதால் முந்தைய சுற்றில் ஒன்றைச் செலவழிக்காமல் விடுங்கள். கூடுதல் ரிசோர்ஸ் தரும் ஸ்டூவர்ட் ஆஃப் காண்டோர் கார்டு வந்தால் யோசிக்காமல் அரகார்னுக்கே. ஏனெனில் லீடர்ஷிப் கார்டுகளுக்குக் காசு தருபவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து, 60 கார்டு. விதி கேட்பது குறைந்தது 50. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பெட்டியில் ஸ்னீக் அட்டாக் இரண்டே பிரதி. 60 கார்டு டெக்கில், ஒருமுறை கையை மாற்றியும் பார்த்தால், தொடக்கக் கையான 6 சீட்டில் அது இருக்க வாய்ப்பு சுமார் 35 சதவீதம். 50இல் 40. மூன்று பிரதி வைக்கும் காண்டால்ஃபுக்கு 47லிருந்து 54. சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு சீட்டு எடுக்கிற ஆட்டத்தில் அது சின்னதல்ல. வெட்ட வேண்டியவை எவை? லீடர்ஷிப்பில் ப்ராக் அயர்ன்ஃபிஸ்ட் (6), க்ரிம் ரிசால்வ் (5), ஸ்பிரிட்டில் ஃபார்ச்சூன் ஆர் ஃபேட் (5). கையில் வந்தால் கடைசிவரை கையிலேயே இருக்கும் ரகம்.

காட்சியின் இரண்டாம் கட்டத்தைத் தாண்ட 16 குவெஸ்ட் புள்ளி வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கார்டு கூடுதலாகத் திறக்கும், ஆனால் எங்கேஜ்மென்ட் சோதனை கிடையாது. நீங்களாக அழைத்தால் ஒழிய எதிரி வரமாட்டான். எனவே இங்கே சாவி வில்பவர்தான். இடக் கார்டுகள் குவிந்து மூச்சடைக்கும்போது நார்தர்ன் ட்ராக்கர் ஒருவர் இருந்தால் ஆட்டமே வேறு. அவர் குவெஸ்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஸ்டேஜிங் ஏரியாவில் உள்ள எல்லா இடங்களிலும் ஒரு புள்ளி வைப்பார்.

பலர் கவனிக்காமல் விடுவது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் தருணத்தை. மூன்றாம் கட்டம் திறந்ததும் ஆளுக்கு இரண்டு கார்டு வரும். அதன்பின் புதிதாக எதுவும் வராது, களத்தில் இருக்கும் எதிரிகளை முடித்தால் வெற்றி. ஆகவே 16ஐ அவசரமாக எட்டாதீர்கள். இரண்டாம் கட்டத்திலேயே எதிரிகளை ஒவ்வொருவராக அழைத்து முடித்துவிட்டு, காண்டால்ஃப் கையில் இருக்கும்போது கரையேறுங்கள். த்ரெட் 40ஐத் தாண்டிவிட்டால் மட்டும் இந்தப் பொறுமை செல்லாது.

உங்கள் கடைசிக் கேள்வி. 40 கார்டை நிலையாக வைத்துக்கொண்டு 10ஐ மட்டும் காட்சிக்கேற்ப மாற்றுங்கள். எதை மாற்றுவது என்று அறிய என்கவுண்டர் டெக்கை (எதிரிகள், இடங்கள், ட்ரெச்சரிகள் அடங்கிய கட்டை) ஆடுமுன் புரட்டிப் பாருங்கள். கூட்டு ஆட்டத்தில் இது கள்ளத்தனம் இல்லை. மிகப்பெரிய எதிரியின் எங்கேஜ்மென்ட் எண், இடங்கள் அதிகமா எதிரிகள் அதிகமா, ட்ரெச்சரி எத்தனை என்று பார்த்தால் போதும். காட்சிக்கென அச்சிட்ட கடின எண் (முதல் காட்சிக்கு 1, இதற்கு 4) எவ்வளவு கடினம் என்று சொல்லுமே தவிர, எப்படிக் கடினம் என்று சொல்லாது.

இத்தனைக்குப் பிறகும் இடறினால் அதிகாரபூர்வ எளிய முறை உண்டு: ஒவ்வொரு ஹீரோவுக்கும் தொடக்கத்தில் 1 ரிசோர்ஸ் கூடுதல், எளிய முறைக்கென நீக்கச் சொல்லும் என்கவுண்டர் கார்டுகள் வெளியே. மூன்றாவது காட்சியான டோல் குல்டூர், கடின எண் 7, உங்கள் ஹீரோ ஒருவரைச் சிறைப்பிடித்துக்கொண்டு தொடங்கும். அடிப்படைப் பெட்டி மட்டும் வைத்துத் தனியாக அதில் இறங்க வேண்டாம். இரண்டு டெக் கட்டி இரண்டு கையையும் நீங்களே ஆடுங்கள்.