சிங்கப்பூரில் ஓர் இரவு மட்டும் இருந்தால் எங்கே போகலாம்?

மெரினா பே பக்கம் போங்கள். பேஃபிரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, 7.30க்குள் கார்டன்ஸ் பை தி பே பூங்காவின் சூப்பர்ட்ரீ எனும் ராட்சதச் செயற்கை மரத் தோப்புக்கு வந்துவிட்டால் 7.45 ஒளி-இசைக் காட்சியை இலவசமாகப் பார்க்கலாம். தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதே சரி. மரங்களுக்கிடையிலான நடைபாலத்துக்குத்தான் கட்டணம்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் நடக்கும் நீர்-லேசர் காட்சி 8 மணிக்கு. கூட்டத்தில் நடந்து போவதற்குள் பாதி முடிந்துவிடும். 9 மணிக் காட்சியைக் குறிவையுங்கள். நீர்த்திரையில் விழும் படங்கள் ஹோட்டல் பக்கக் கரையில்தான் தெளிவாகத் தெரியும், எதிர்க்கரையில் மெர்லயன் (சிங்கத்தலை மீன்) சிலைப் பக்கம் லேசர் மட்டுமே.

பிறகு பேஃபிரண்டிலிருந்து டவுன்டவுன் லைன் ரயிலில் இரண்டே நிறுத்தம், தெலுக் ஆயர். லாவ் பா சாட் உணவங்காடி அருகே பூன் டாட் தெருவை இரவில் அடைத்து, கரி அடுப்பில் சாத்தே (குச்சியில் செருகிய இறைச்சி) சுடுவார்கள். வேர்க்கடலைச் சாஸ், வெங்காயம், வெள்ளரியோடு வரும். பல கடைகளில் குறைந்தது 10 குச்சியாவது வாங்க வேண்டியிருக்கும். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், அது சட்டம்.

இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். 12 மணிக்கு மேல் மீட்டர் டாக்சியில் 50% கூடுதல்.